பழைய மோட்டார் படகை விற்கும் முன்



ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வாழ்க்கையின் ஏற்றத்தாழ்வைக் குறிக்க அவர்கள் சொன்னதைத் தங்கா பத்து கடற்கரையில் நாம் கண்ணாலேயே காண்கிறோம். நேற்றுவரை கடலில் ஓடிய படகு இன்று லோரியில் ஏறி வேறு ஊருக்குப் போகிறது. விற்றவர் கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஆனால், சரியான விலைக்குத்தான் விற்றோமா, இதனால் பின்னால் ஏதும் தொல்லை வருமா என்ற கவலையும் இருக்கிறது.

பொருளாதாரம் ஆட்டங்கண்டிருக்கும் காலத்தில், பயன்படுத்திய மோட்டார் படகை ஏமாறாமல் விற்பது எப்படி என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். படகு இல்லாதவர்கள் வானொலியை மூடிவிட வேண்டாம். மோட்டார் சைக்கிளாக இருந்தாலும், புல்வெட்டும் இயந்திரமாக இருந்தாலும், தையல் இயந்திரமாக இருந்தாலும், விற்கும் முறையில் பாதிக்கு மேல் ஒன்றுதான்.

தோட்டத்துக்கும் படகுக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். மலாக்கா மாநிலம் சிறியது. பாயா ரும்புட், சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா வட்டாரங்களில் பால்மரமும் செம்பனையும் நிற்கும் இடத்திலிருந்து கடல் அதிக தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு தூண்டில் போடுவதற்கென்று கூட்டாகப் படகு வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போனபோது, கிடைத்த இழப்பீட்டில் சிறு ஃபைபர் படகும் எஞ்சினும் வாங்கியவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் படகு என்பது பல வருட உழைப்பின் மிச்சம்.

அந்தக் கடற்கரையும் மாறிவிட்டது. 1990-களில் தங்கா பத்து, சுங்கை ஊடாங் பகுதியில் பெட்ரோனாஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. கிளேபாங் முதலிய இடங்களில் கடல் தூர்க்கப்பட்டு நிலமாயிற்று. கரையோர மீனவர்கள் பிடிப்பு குறைந்துவிட்டதென்று முறையிட்டு வருகிறார்கள். பிள்ளைகளோ தொழிற்சாலைக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். இப்படிப் பல காரணங்களால் படகுகள் விலைக்கு வருகின்றன.

முதலில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, படகை விற்கத்தான் வேண்டுமா என்பது. கடந்த ஆண்டில் படகு எத்தனை நாள் கடலுக்குப் போனது, அதனால் வந்தது எவ்வளவு, அதற்குச் செலவானது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து எழுதுவது நல்லது. எண்ணெய்ச் செலவு கணவருக்குத் தெரியும். அந்தச் செலவுக்காக மளிகைக் கடையில் வைத்த பாக்கி மனைவிக்குத்தான் தெரியும். வரவு மிஞ்சினால் படகை வைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் பள்ளிச் செலவு போன்ற சிறு தேவைக்காக மட்டும் விற்க நினைத்தால், வேறு வழி உண்டா என்று பாருங்கள். 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில், 55 வயதுக்கு உட்பட்டவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கு ஒன்று இருக்கிறது. அது முதுமைக்கான பணம். தொட்டதற்கெல்லாம் எடுக்கக் கூடாது. ஆனாலும், உழைத்துப் பணம் தரும் பொருளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவதற்கு முன் இதையும் எண்ணிப் பார்ப்பது தகும்.

விற்பதென்று முடிவாகிவிட்டால், அடுத்து வருவது விலை. நம்மவர்களில் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 'நாம் பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கினோம். அதற்குக் குறைந்து எப்படிக் கொடுப்பது?' என்கிறார்கள். நாம் கொடுத்த விலை நம் கணக்கில் மட்டும் இருக்கும் எண். வாங்க வருகிறவர் கணக்கு வேறு. இதே போன்ற படகு வேறெங்கே என்ன விலைக்குக் கிடைக்கும், புதிது வாங்கினால் எவ்வளவு ஆகும், தம் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றையும்தான் அவர் பார்ப்பார்.

பொருளாதாரம் நிலையில்லாத காலத்தில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் இழுக்கும். நம் கடற்கரையில் ஓடும் யமஹா, சுசுகி, தோஹாட்சு போன்ற எஞ்சின்கள் ஜப்பானிய நிறுவனங்களுடையவை, வெளிநாட்டிலிருந்து வருகிறவை. நம் வெள்ளியின் மதிப்பு சரிந்தால் அவற்றின் விலை ஏறும். 1997-ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை வெள்ளி கொடுத்தோம். 1998 ஜனவரியில் அது 4 வெள்ளி 80 காசையும் தாண்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் 3 வெள்ளி 80 காசு என்று நிலைநிறுத்தியது. ஆயிரம் டாலர் மதிப்புள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு 2,500 வெள்ளிக்கு வந்தது, பிறகு 3,800 வெள்ளி ஆயிற்று. பொருள் அதேதான், நம் பணம்தான் இளைத்தது. 2024 பிப்ரவரியிலும் டாலர் 4 வெள்ளி 80 காசை ஒட்டி ஏறி, அதே ஆண்டிலேயே இறங்கியது. புதிய எஞ்சினின் விலை ஏறும்போது, நன்றாக ஓடும் பழைய எஞ்சினைத் தேடி வருவார்கள். இது விற்பவருக்குச் சாதகம்.

மறுபக்கம், அதே காலத்தில்தான் தொழிற்சாலையில் மிகுதி நேர வேலை குறைகிறது, ஆட்குறைப்பு நடக்கிறது. பொழுதுபோக்குக்காகப் படகு வாங்குகிறவர் முதலில் பின்வாங்குவார். கடலை நம்பிப் பிழைப்பவர் வாங்க வருவார். ஆனால் அவர் கையிலும் பணம் குறைவு. ஆகவே, கெட்ட காலத்தில் பழைய பொருளுக்கு விலையே இராது என்று பயந்து அள்ளிக் கொடுப்பதும் தவறு. புதிது விலையேறிவிட்டது என்று நாமும் ஏற்றிச் சொல்லி ஒரு வருடம் காத்திருப்பதும் தவறு. இந்த மாதம், இந்தக் கரையில், இதே அளவுள்ள படகுகள் என்ன விலைக்குக் கை மாறின என்பதை நான்கு இடத்தில் விசாரியுங்கள். படகுத் துறை, எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை, வட்டார மீனவர் சங்கம், கைத்தொலைபேசியில் வரும் விளம்பரங்கள் ஆகிய நான்கிலும் கேட்டால் ஓரளவு உண்மை விலை தெரிந்துவிடும். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. கொடுத்து வாங்கிய விலை அதற்கும் கீழே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

விலை சொல்லும்போது படகை ஒரே பொருளாக எண்ணாமல் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று படகின் உடல், இரண்டு எஞ்சின், மூன்று தாள்கள். பல பழைய படகுகளில் எஞ்சினின் விலைதான் பெரிய பங்கு. சிலவற்றில் உடலும் எஞ்சினும் தேய்ந்திருந்தாலும், உரிமம் ஒழுங்காக இருப்பதால் மதிப்பு நிற்கும். இம்மூன்றையும் வருகிறவர் எப்படிச் சோதிப்பார் என்பதைத் தெரிந்துகொண்டால், நாமே முன்கூட்டிச் சரி செய்துவிடலாம்.

உடலைப் பார்ப்போம். ஃபைபர் படகென்றால் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். உறுதியான இடத்தில் 'டக்' என்று தெளிவான ஓசை வரும். உள்ளே நீர் ஊறியிருந்தால் மந்தமான ஓசை வரும். எஞ்சினைத் தாங்கும் பின்பலகையை மிகவும் கவனிப்பார்கள். எஞ்சினைப் பிடித்து ஆட்டும்போது பலகை நெளிந்தால், உள்ளே இருக்கும் மரம் உளுத்துவிட்டது என்று பொருள். மரப் படகென்றால் துளைக்கும் கடற்புழு விழுந்திருக்கிறதா, இணைப்புகளில் அடைப்பு கழன்றிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிறு வெடிப்புகளை முறையாக அடைத்துவிடுங்கள். பெரிய பழுதைச் சாயம் பூசி மறைக்காதீர்கள். சாயத்தின் மணம் ஆறுவதற்குள் வாங்கியவர் திரும்பி வந்து நிற்பார். உள்ள குறையைச் சொல்லி நூறு வெள்ளி குறைத்துக் கொடுப்பது, பின்னால் வரும் சண்டையை விட மலிவு.

அடுத்தது எஞ்சின். உப்பு நீர்தான் அதன் எதிரி. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவும் பழக்கம் உள்ளவரின் எஞ்சினைப் பார்த்தாலே தெரியும். எஞ்சின் ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து ஒரு நீர்த்தாரை பீச்ச வேண்டும். அது மெலிந்தால் உள்ளே குளிர்ச்சிக்கான நீர் சரியாக ஓடவில்லை. கியர் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பார்கள். அது தே தாரிக் நிறத்தில் வெண்மை கலந்து இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்காக எஞ்சினில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி கரைந்துபோயிருந்தால் புதிது மாற்றுங்கள். பிளக், எண்ணெய், துத்தநாகம், நீரிறைக்கும் பகுதியின் ரப்பர்ச் சக்கரம் ஆகியவற்றை மாற்றுவது சிறு செலவு; பயன் பெரிது. ஆனால் எஞ்சினை முழுதும் பிரித்துப் புதுப்பிக்கும் அளவுக்குச் செலவு செய்ய வேண்டாம். அந்தப் பணம் முழுதும் விலையில் திரும்பி வராது.

வருகிறவருக்கு எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே ஓட்டிக் காட்டுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் அனுபவசாலிக்குச் சந்தேகம் வந்துவிடும். நம் கரை சேற்றுக் கரை. நீர் வற்றும்போது படகை இறக்குவது சிரமம். ஆகவே நீர் ஏறும் நேரத்தைப் பார்த்து வரச் சொல்லுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று புயற்காற்று வருவதுண்டு. வானம் கறுத்திருந்தால் சோதனை ஓட்டத்தை மறுநாளுக்குத் தள்ளுங்கள். வாங்க வந்தவர் தனியாக ஓட்டிப் பார்க்கிறேன் என்றால் விடாதீர்கள். நாமும் உடன் போவோம். ஆளுக்கொரு மிதவைச் சட்டை அணிவோம்.

மூன்றாவதாகத் தாள்கள். பெரும் தொல்லைகள் பலவும் பிறப்பது இங்கேதான். மீன்பிடிப் படகென்றால் 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் கொடுப்பது ஜபாத்தான் பெரிக்கானான் எனும் மீன்வளத் துறை. மீன்பிடி அல்லாத படகென்றால் ஜபாத்தான் லாவுட் எனும் கடல்துறையில் விசாரிக்க வேண்டும். வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோல் உரிமத்தைப் படகோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிட முடியாது. உரிமையாளர் மாறுவதற்கு அந்தத் துறையின் அனுமதி வேண்டும். முன்பணம் வாங்குவதற்கு முன்பே போய், இந்தப் படகை இன்னாருக்கு விற்கலாமா, என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மீனவர்க்குரிய மானிய எண்ணெய் அட்டை இருந்தால் அதை வாங்குகிறவரிடம் கொடுக்கவே கூடாது. மானிய எண்ணெயை உரிமை இல்லாதவர் பயன்படுத்துவது 1961-ஆம் ஆண்டின் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம்.

எஞ்சின் வாங்கிய ரசீதும் முக்கியம். திருட்டு எஞ்சின்கள் கை மாறுவதால், ரசீது கேட்காமல் வாங்க நல்லவர்கள் அஞ்சுவார்கள். ரசீது தொலைந்துபோயிருந்தால், எஞ்சினில் பொறித்த எண்ணைக் குறிப்பிட்டு, அது நம்முடையதே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழித் தாள் எழுதிக்கொள்ளலாம். படகின் மேல் தவணைக் கடன் பாக்கி இருந்தால் அதைத் தீர்க்காமல் விற்கக் கூடாது. கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு, முடிக்க வேண்டிய தொகையை எழுத்தில் வாங்குங்கள். கூட்டாக வாங்கிய படகென்றால் கூட்டாளிகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். 'அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார்' என்ற வாய்ச்சொல் போதாது.

பெயர் மாற்றத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? மலாக்கா நீரிணையின் அக்கரையில் ரூப்பாட் தீவும் சுமத்ராவும் இருக்கின்றன. கடத்தலுக்குச் சிறு விசைப்படகுகள் பயன்படுவதுண்டு. விற்ற படகு நம் பெயரிலேயே இருந்து, அதை ஓட்டியவர் பிடிபட்டால், அமலாக்க அதிகாரிகள் முதலில் தேடி வருவது நம் வீட்டு வாசலுக்குத்தான். 'அதை நான் எப்போதோ விற்றுவிட்டேன்' என்று சொன்னால், தாள் எங்கே என்பார்கள். அன்றைக்குத் தாள் இல்லாவிட்டால், வாங்கிய விலையெல்லாம் அலைச்சலுக்கே போய்விடும்.

ஆகவே விற்பனைச் சீட்டு ஒன்றை இரண்டு படியாக எழுதுங்கள். தேதி, கொடுத்த நேரம், இருவர் பெயர், அடையாள அட்டை எண், படகின் பதிவு எண், எஞ்சினின் பெயர், குதிரைச் சக்தி, எஞ்சின் எண், எண்ணாலும் எழுத்தாலும் தொகை ஆகியவை அதில் இருக்கட்டும். நாம் சொன்ன குறைகளையும் எழுதி, உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது என்று குறித்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தை வாங்குங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் தம் பிள்ளையையே எழுதச் சொல்லலாம். பிள்ளைக்கும் அது நல்ல பாடம்.

பணம் வாங்கும் முறை அடுத்தது. காசோலை என்றால், அது தேறிவிட்டதென்று வங்கி சொல்லும்வரை படகு நகரக் கூடாது. வங்கியில் போட்டுவிட்டேன் என்று கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். அந்தப் படம் பணம் ஆகாது. நம் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்று நாமே பார்க்க வேண்டும். கூடுதலாகப் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று ஒருவர் சொன்னால், அது பெரும்பாலும் மோசடி. வங்கியின் இரகசிய எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இணைய மோசடிகளுக்காக 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மையத்தின் எண் அது. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைவிட்டுப் போகும்.

இப்போது, காத்திருப்பதா கொடுத்துவிடுவதா என்ற கேள்விக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் தம் படகுக்கு 7,500 வெள்ளி தருவதாகச் சொல்கிறார். நாமோ ஆறு மாதம் பொறுத்தால் 8,000 கிடைக்கும் என்று நினைக்கிறோம். படகைப் பராமரிக்க மாதம் நூறு வெள்ளி ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு 600. நமக்கு 5,000 வெள்ளி கடன் இருந்து, ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால், மாதம் 75 வெள்ளி. ஆறு மாதத்துக்கு 450. ஆக 1,050 வெள்ளி போய்விடுகிறது. 8,000-க்கு விற்றாலும் கையில் நிற்பது 6,950 தான். ஐந்நூறுக்கு ஆசைப்பட்டு ஐந்நூற்றைம்பதை இழக்கிறோம். கடன் இல்லாமல், படகும் வாரந்தோறும் மீன் கொண்டுவருகிறதென்றால் கணக்கு மாறும்; அப்போது பொறுமை இலாபம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொன்னவர்கள் இதைத்தான் சொன்னார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட்டிக்காரர் வாசலில் நிற்கும் நாளில் விற்கிறவர் விலை பேச முடியாது. வருகிறவர் நம் முகத்தைப் பார்த்தே விலையைக் குறைத்துவிடுவார். நெருக்கடி வரும் என்று தெரிந்தவுடனேயே, இரண்டு மூன்று மாதம் கையில் இருக்கும்போதே விற்க முயல்வதுதான் விவேகம். இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்ற தொகையை வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு, அதை வெளியே சொல்லாமல் இருங்கள். 'நான் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று ஒரு நாள் தவணை கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

விற்ற பணம் கைக்கு வந்ததும் முதலில் அதிக வட்டியுள்ள கடனைத் தீருங்கள். உரிமம் இல்லாத ஆலோங்கிடம் வாங்கியது ஏதும் இருந்தால் அதுவே முதலாவது. அடுத்தது பிள்ளைகளின் படிப்புக்குரிய பங்கு. மிஞ்சியதை வங்கியில் போட்டுவிட்டு, ஒரு மாதம் தொடாமல் இருங்கள். பெரிய தொகை கையில் வந்த மாதத்தில்தான் உறவினரின் கல்யாணச் செலவும், புதிய மோட்டார் சைக்கிள் ஆசையும் சேர்ந்து வரும்.

நேயர்களே, நாட்டின் பொருளாதாரம் நம் கையில் இல்லை. வெள்ளியின் மதிப்பும் எண்ணெயின் விலையும் நம்மைக் கேட்டு ஏறுவதில்லை, இறங்குவதுமில்லை. ஆனால் நம் படகின் நிலை, அதன் தாள்கள், நாம் விற்கும் நேரம், பணத்தை எண்ணிப் பார்க்கும் நிதானம் ஆகிய நான்கும் நம் கையில்தான் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளை விற்பவர்களும் இதையே செய்யுங்கள். ஜேபிஜே அலுவலகப் பதிவில் பெயர் மாறிய பிறகே வேலை முடிந்ததென்று நினையுங்கள். விற்க எண்ணியிருப்பவர்கள் இன்று இரவே ரசீதையும் உரிமத்தையும் தேடி ஓர் உறையில் போட்டு வையுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செய்யலாம்.